கட்டுவதா, வாங்குவதா? – நம் மக்கள் வீடு தேடிய வரலாறு



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், ஆசிரியர் அறையில் மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத் திருத்திக் கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஈராண்டே ஆன இளம் ஆசிரியை ஒருவர் எதிரில் வந்து அமர்ந்தார்.

"ஐயா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். வீட்டுக் கடன் எடுக்கலாம் என்றிருக்கிறோம். என் மாமனார் குடும்பத்துக்குத் தோட்டப்புறத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் வீடு கட்டுவதா, பட்டணத்தில் கட்டி முடித்த வீடு ஒன்றை வாங்குவதா என்று தெரியவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் பேசுகிறார்கள்" என்றார்.

அறையில் இருந்த எல்லாருக்கும் இதில் ஒரு கருத்து இருந்தது. சிமெண்டும் இரும்பும் விற்கிற விலையில் கட்டுவது முடியாத காரியம் என்றார் ஒருவர். குத்தகையாளர் கூரை போடும் முன்பே ஓடிப்போன கதையைச் சொன்னார் இன்னொருவர். பிறர் கட்டிய வீட்டை வாங்கி, வாங்கிய விலைக்குச் சரியாகச் செலவழித்துச் செப்பனிட்ட தம் துயரத்தைச் சொன்னார் மற்றொருவர். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நிலம் யார் பெயரில் இருக்கிறது, டீச்சர்?"

அவருக்குத் தெரியவில்லை. "மாமனார் பெயரில்தான் இருக்கும், ஐயா" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அது என் குடும்பத்தின் கதை. இந்நாட்டில் வாழும் நம்மவரில் பலருடைய குடும்பக் கதையும் அதுவே.

வேலையோடு வந்த வீடு

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், மலாயாவுக்கு வந்த நம் பாட்டன்மார்களுக்கு வீட்டைக் கட்டிப்பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. கட்டவும் இல்லை; வாங்கவும் இல்லை. வேலையோடு வீடும் வந்தது.

ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் கங்காணிகள் வழியாகத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். உதவி பெற்று வரும் அந்தக் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தும் வரையில் அது தொடர்ந்தது. வந்தவர்களைத் தங்க வைக்கத் தோட்ட நிருவாகங்கள் நீண்ட வரிசைகளாகக் கட்டிய குடியிருப்புகளையே நாம் 'லயம்' என்கிறோம். ஒரே கூரை, இடையில் பலகைத் தடுப்பு, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னே எல்லாருக்கும் பொதுவான அஞ்சடி. பக்கத்து வீட்டுக் குழந்தையின் இருமல் சத்தம் நம் வீட்டில் கேட்கும். காலம் செல்லச் செல்ல, ஈரறை வீடுகளும் இரு குடும்பங்களுக்கான தனி வீடுகளும் வந்தன. ஆனால், ஒன்று மட்டும் மாறவில்லை. வேலை இருக்கும் வரைதான் வீடு.

தொழிலாளர்களுக்கு வீட்டு வசதி எவ்வாறிருக்க வேண்டும் எனச் சட்டங்கள் வந்தது உண்மை. 1966-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டுக் குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1990-இல் அதனிடத்தில் விரிவான புதிய சட்டம் வந்தது. இவை சுவரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கழிவறையைப் பற்றியும் பேசின. ஆனால், அந்த வீடு தொழிலாளிக்கு உரியது என்று எங்கும் கூறவில்லை.

இதன் விளைவு ஆழமானது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே மாண்ட குடும்பங்கள் உண்டு. வாசலில் முருங்கையும் கொல்லையில் வாழையும் வைத்தார்கள். ஆனால், நிலம், பட்டா, பதிவு, வரி ஆகிய சொற்கள் அவர்கள் வாழ்வில் நுழையவே இல்லை. அவற்றையெல்லாம் துரையும் பெரிய கிராணியும் பார்த்துக் கொண்டார்கள். வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் பழக்கமே ஒரு நூற்றாண்டு காலம் நம்மிடம் வளரவில்லை.

விதிவிலக்குகள் சில உண்டு. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது, பெருந்தொகையான தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் உள்ள சுவா என்னுமிடத்தில் தமிழர்களுக்கென ஒரு நிலக் குடியேற்றம் ஏற்படுத்தப்பட்டது. தமக்கென்று துண்டு நிலமும் அதில் ஒரு வீடும் என்னும் அந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது. அது நாடெங்கும் பரவியிருந்தால் நம் வரலாறு வேறாகியிருக்கும் என நான் பலமுறை எண்ணியதுண்டு.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

1950-களில் காற்று திசை மாறியது. நாடு விடுதலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், வெள்ளைக்கார உடைமையாளர்கள் சிலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்களில் பலர் அவற்றைத் தோட்டமாகவே நடத்தவில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றி உங்கு அப்துல் அசிஸ் தலைமையில் விரிவான ஆய்வு ஒன்றும் நடத்தப்பட்டது.

துண்டாடல் நம் மக்களுக்கு ஒரே நாளில் மூன்று இழப்புகளைக் கொண்டு வந்தது. வேலை போயிற்று. வேலையோடு வந்த வீடு போயிற்று. பிள்ளைகள் படித்த பள்ளியும் பல இடங்களில் போயிற்று. வேலைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் அடியில் இருந்த நிலம் ஒன்றே. அது வேறொருவர் பெயரில் இருந்தது.

அதே வேளையில், கையில் கொஞ்சம் பணம் வைத்திருந்த கங்காணிகள், கிராணிகள், சிக்கனமாக வாழ்ந்த தொழிலாளர்கள் சிலர், துண்டாடப்பட்ட நிலத்தில் ஓர் ஏக்கரோ ஈரேக்கரோ வாங்கினர். தனியாக வாங்க வசதியில்லாதோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து பங்குக்கு வாங்கினர். அந்தப் பங்கு நிலங்கள் இன்றும் பல குடும்பங்களில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்; கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவோம்.

பத்து வெள்ளி கற்பித்த பாடம்

துண்டாடலுக்கு மாற்று மருந்தாக 1960-ஆம் ஆண்டில் தோன்றியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைச் சந்தித்தார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள். விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்பதே அவருடைய வேண்டுகோள். பால்மரம் சீவிய கைகள் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தன. கெடாவின் புக்கிட் சீடிம் உட்படப் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின.

இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் கூட்டுறவு வரலாறாகவே மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அது வீட்டு வரலாறும் ஆகும். தோட்டம் கைமாறினால் அத்தொழிலாளி லயத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்திருக்கும். அவன் வீடு கட்டவில்லை. வீடு வாங்கவும் இல்லை. வீட்டுக்கு அடியில் இருந்த நிலத்தைப் பிறரோடு சேர்ந்து வாங்கினான். அதனால் வீடு நிலைத்தது. வீட்டைக் காப்பது சுவரன்று, நிலத்தின் மீதுள்ள பெயர் என்பதை எழுத்தறியாத அந்த மக்கள் பத்து வெள்ளி கொடுத்துக் கற்றுக் கொண்டார்கள். பின்வந்த தலைமுறை அந்தப் பாடத்தை மறந்தது. அதற்கு என் வீட்டிலேயே சான்று இருக்கிறது.

என் தந்தையும் பெரியப்பாவும்

எங்கள் தோட்டம் 1990-களின் தொடக்கத்தில் விற்கப்பட்டது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். தந்தையும் பெரியப்பாவும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள். இருவருக்கும் தோட்டம் கொடுத்த சிறு இழப்பீடும், ஊழியர் சேமநிதிப் பணமும் கைக்கு வந்தன. 1951-இல் தொடங்கப்பட்ட அந்தச் சேமநிதிதான், தோட்டத் தொழிலாளி தன் வாழ்நாளில் ஒரே முறை மொத்தமாகக் காணும் பணம்.

பெரியப்பா கட்ட முடிவு செய்தார். தோட்டத்தின் எல்லையைத் தாண்டி ஆற்றோரம் நம்மவர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே இடம் பிடித்து, பாதி கல், பாதி பலகை, தகரக் கூரை என்று அழகானதொரு வீட்டை எழுப்பினார். அகலமான திண்ணை, மூன்று அறைகள், பின்னால் மாட்டுக் கொட்டகை, வாசலில் மாமரம். வாழ்நாள் முழுதும் ஓர் அறை லயத்தில் வாழ்ந்த மனிதருக்கு அது அரண்மனை. அவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடும் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

என் தந்தை வாங்க முடிவு செய்தார். 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவு விலைத் தரை வீடு. 1980-களின் தொடக்கம் முதல் அரசாங்கம் மலிவு விலை வீட்டுக்கு வகுத்திருந்த உச்ச விலை அது. 1998-இல்தான் இடத்துக்கேற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. இரண்டே அறை. முன்வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தினால் நடக்க வழியில்லை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "காசைக் கொட்டிப் புறாக்கூண்டை வாங்கியிருக்கான்" என்று அத்தை சொன்னது அம்மாவை மிகவும் வருத்தியது. எனக்கும் உள்ளூர வெட்கந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெரியப்பா வீட்டில்தான் தங்குவேன்.

ஒருநாள் அந்தத் திண்ணையில் இருவரும் பேசியது நினைவில் இருக்கிறது.

"அண்ணே, இந்த மண்ணு யார் பேருல இருக்கு?" என்று கேட்டார் தந்தை.

"ஆத்தோர மண்ணுக்கு என்னடா பேரு? நாப்பது வருசமா நம்ம ஆளுங்கதான் இருக்காங்க. லைட்டு பில்லு என் பேருல வருது, தண்ணி பில்லு என் பேருல வருது. இதுக்கு மேல என்ன வேணும்?"

தந்தை மறுமொழி ஏதும் பேசவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவருக்கில்லை.

2004-ஆம் ஆண்டில் அறிவிப்புக் கடிதம் வந்தது. பெரியப்பா மின்கட்டண ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நானும் உடன் சென்றேன். ஆசிரியன் என்ற முறையில் கடிதங்களை எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் ரசீதுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஐயா, இவை நீங்கள் விளக்கெரித்ததற்குச் சான்று, நிலத்துக்குச் சான்றல்ல" என்று மலாயில் சொன்னார். மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பெரியப்பாவே புரிந்து கொண்டார்.

அதன்பின் அவர் வாழ்ந்த ஐந்தாண்டுகளும் எங்கள் புறாக்கூண்டில்தான். தந்தை பின்கட்டில் தகரம் இறக்கி ஓர் அறை அமைத்துக் கொடுத்தார். அந்த அறையின் சன்னலோரம் அமர்ந்துதான் பெரியப்பா வெற்றிலை போடுவார். வீட்டைப் பற்றி அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசிக் கொண்டதை நான் கேட்டதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

பெரியப்பாவின் நம்பிக்கை அவருடையது மட்டுமன்று. நீண்ட காலம் குடியிருந்தால் நிலம் நமக்காகிவிடும் என்று இன்றும் நம்புவோர் பலர். சில நாடுகளில் அத்தகைய சட்டமும் உண்டு. மலேசியாவில் இல்லை. 1966-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் அடிப்படையே பதிவுதான். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளர். அரசு நிலமாயினும் தனியார் நிலமாயினும், எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டுமே உரிமை பிறக்காது என்று அச்சட்டம் தெளிவாகவே கூறுகிறது. 1982-இல் கூட்டரசு நீதிமன்றமும் பேராக் மாநில வழக்கு ஒன்றில் புறம்போக்குவாசிகளுக்குச் சட்டப்படியான உரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது.

தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்ற ஒன்று உண்டு. 'டி.ஓ.எல்.' என்று நம்மவர் சொல்வது அதனையே. அதனைப் பட்டாவாகக் கருதி ஏமாந்தோர் பலர். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் நாளுக்குள் முடிவடைவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு வாராது. ஓராண்டு உரிமத்தின் மேல் நூறாண்டு வீட்டைக் கட்டுவது எத்துணைப் பெரிய பிழை!

பினாங்கின் கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து, பொங்கல் வைத்து வாழ்ந்த தமிழர் கம்பம் அது. நிலம் கைமாறியது. மக்கள் நீதிமன்றப் படிகளேறிப் போராடினர். ஆயினும், 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. செய்தித்தாளில் அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது ஆற்றோர மாமரமே.

ஆகவே, கட்டுவது நல்லதா வாங்குவது நல்லதா என்ற கேள்வியில் பெரியப்பா தோற்று என் தந்தை வென்றார் என்று கொள்ளலாகாது. பெரியப்பா கட்டியதில் பிழையில்லை. யார் நிலத்தில் கட்டினார் என்பதிலேதான் பிழை. தம் பெயரில் உள்ள நிலத்தில் அதே வீட்டைக் கட்டியிருந்தால், சிரிப்பதற்கு உரிமை அவருக்கே இருந்திருக்கும்.

மூன்று வழிகள், மூன்று வகைப் பாதுகாப்பு

இனி, இன்றைய பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடிய செய்திக்கு வருவோம். நம் முன்னே இருப்பவை இரண்டு வழிகளல்ல, மூன்று. மேம்பாட்டாளரிடம் புதுவீடு வாங்குவது. ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்குவது. சொந்த நிலத்தில் கட்டுவது. இம்மூன்றுக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றன்று.

உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கும் வீட்டுக்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டாளர் சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தை அரசாங்கமே வகுத்துள்ளது. தரை வீடு 24 மாதங்களிலும், அடுக்குமாடி வீடு 36 மாதங்களிலும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் பொது விதி. பணத்தை வேலை நடந்த அளவுக்கே கொடுக்கிறோம். சாவியைப் பெற்ற பின் 24 மாதங்கள் வரையில் குறைபாடுகளை மேம்பாட்டாளரே சீர்செய்ய வேண்டும். விலையில் கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நிற்கும். பாதி 8 மாதங்களுக்குப் பிறகும், மீதி 24 மாதங்களுக்குப் பிறகுமே மேம்பாட்டாளரைச் சென்றடையும். பூசல் எழுந்தால் 2002 முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தை நாடலாம். இவ்வளவு இருந்தும் பாதியில் கைவிடப்பட்ட திட்டங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே, மேம்பாட்டாளரின் முந்தைய திட்டங்களை நேரில் சென்று பார்த்து வருவது அறிவுடைமை.

ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கும்போது அந்தச் சட்டமும் தீர்ப்பாயமும் உதவிக்கு வாரா. விற்பவர் தனி மனிதர். ஆனால், வேறொரு நன்மை உண்டு. வீடு கண்ணெதிரே நிற்கிறது. மழை பெய்யும் நாளில் சென்று கூரையைப் பார்க்கலாம். அண்டை வீட்டாரிடம் வெள்ளம் ஏறுமா என்று கேட்கலாம். பள்ளி எவ்வளவு தொலைவு என்று நடந்தே பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்வது இன்றியமையாதது. உடைமையாளர் பெயர், அடமானம், தடைமனு, நிரந்தர உடைமையா குத்தகை நிலமா, குத்தகையாயின் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது ஆகிய அனைத்தும் அதில் தெரிந்துவிடும். நில வரியும் வீட்டு வரியும் பாக்கியில்லாமல் கட்டப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்பங்கரைக்கு நகராண்மைக் கழக ஒப்புதல் உள்ளதா என்று கேட்க மறவாதீர்.

மூன்றாவது, கட்டுவது. இங்கே நமக்கும் குத்தகையாளருக்கும் இடையில் நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைத் தவிர வேறு காவல் பெரிதாக இல்லை. வாங்குபவருக்குச் சட்டம் எழுதிக் கொடுத்ததைக் கட்டுபவர் தாமே எழுதிக் கொள்ள வேண்டும். வேலை முடிந்த கட்டத்துக்கே பணம், முன்கூட்டி இல்லை. கடைசி 5 விழுக்காடு கையில் நிற்க வேண்டும். குறைபாடு திருத்தும் காலமும், தாமதத்துக்குத் தண்டமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கட்டடக் கலைஞரின் வரைபடமும் ஊராட்சி மன்ற ஒப்புதலும் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. வீடு முடிந்ததும் குடியேறத் தகுதிச் சான்று வேண்டும். முன்பு ஊராட்சி மன்றம் வழங்கிய அச்சான்றை 2007 முதல் திட்டத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குகிறார்.

அரசாங்க ஆசிரியர்களுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. முன்பு கருவூலத்தின் வீட்டுக் கடன் பிரிவு வழங்கிய கடனை 2016 முதல் பொதுத்துறை வீட்டு நிதி வாரியம் வழங்குகிறது. கட்டி முடித்த வீட்டை வாங்கவும், கட்டப்படும் வீட்டை வாங்கவும், சொந்த நிலத்தில் வீடு கட்டவும், வீடு கட்டுவதற்கென நிலம் வாங்கவும் அதில் தனித்தனி வகைகள் உண்டு. ஆக, கட்டுவதா வாங்குவதா என்ற முடிவை வாரியம் நமக்காக எடுப்பதில்லை. ஆனால், நிலத்தின் பதிவைப் பார்க்காமல் அது கடன் தருவதுமில்லை. பெரியப்பாவிடம் ஒருவரும் கேட்காத கேள்வியை அது நம்மிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறது!

பள்ளிக்கும் இதே பாடம்

ஆசிரியர்களாகிய நாம் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அவ்வாறு தோட்ட நிலத்தில் பிறந்தவை. கட்டடம் நம்முடையது, ஆசிரியர் நம்மவர், பிள்ளைகள் நம் பிள்ளைகள், நிலம் மட்டும் கம்பெனிக்கு உரியது. தோட்டம் விற்கப்பட்ட போதெல்லாம் பள்ளிக்கு நேர்ந்த இன்னல்களை நாம் அறிவோம். நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லாத காரணத்தாலேயே பல பள்ளிகள் நெடுங்காலம் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நின்றதையும் அறிவோம். புதிய கட்டடத்துக்கு நன்கொடை திரட்ட முன்வரும் நம் பெற்றோர், நிலத்தின் பதிவைப் பற்றிக் கேட்க அதே ஆர்வத்தோடு முன்வர வேண்டும்.

நிறைவாக...

அந்த இளம் ஆசிரியை பள்ளி விடுமுறையில் கணவருடன் நில அலுவலகம் சென்று தேடல் செய்தார். பள்ளி திறந்த முதல் நாளே தாளைக் கொண்டுவந்து காட்டினார். நிலம் மாமனார் பெயரில் இல்லை. மாமனாரின் தந்தை பெயரில் இருந்தது. அவர் காலமாகி இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. அவர் பெயரோடு இன்னும் மூவர் பெயர்கள். தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் நான்கு நண்பர்கள் பங்குக்கு வாங்கிய நிலம் அது. வகையோ வேளாண்மை நிலம்.

"அப்படியானால் வாங்கத்தான் வேண்டுமா, ஐயா?" என்று கேட்டார்.

அப்படியொன்றும் இல்லை என்றேன். முதலில் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ்ப் பாட்டனாரின் பங்கை வாரிசுகள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மற்ற மூவரின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, பாகப் பிரிவினைக்கு உடன்பட வைக்க வேண்டும். அதன் பிறகே நிலத்தின் வகையை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். ஈராண்டும் ஆகலாம், ஐந்தாண்டும் ஆகலாம். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்றால், இப்போதைக்கு ஒரு சிறு வீட்டை வாங்கிக்கொண்டு நிலத்தின் வேலையையும் தொடங்கலாம். ஆனால், எந்த வழியைத் தேர்ந்தாலும் பாட்டனாரின் பங்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. லயத்தில் வாழ்ந்துகொண்டே மண் வாங்கிய மனிதர் அவர். அந்தப் பெயர் பதிவேட்டில் இருப்பது சிறிய செய்தியன்று.

அவர் கணவர் இப்போது மற்ற மூன்று குடும்பங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு குடும்பம் சுங்கைப்பட்டாணியில் இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறதாம். கட்டுவதா, வாங்குவதா என்பதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

என் தந்தை வாங்கிய வீடு இன்றும் இருக்கிறது. அம்மா அங்கேதான் இருக்கிறார். பின்கட்டு அறையை இடித்துவிட்டு அடுப்பங்கரையைப் பெரிதாக்கலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறான். அம்மா விடவில்லை.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! உங்கள் வீட்டில் பழைய பெட்டிகளில் நிலம் தொடர்பான தாள்கள் ஏதேனும் கிடந்தால், இந்த விடுமுறையில் அவற்றை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வீட்டைக் கட்டிப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்ப்போம்.